ஷாக் வைத்த சைக்கிளும் உப்புக் காற்றும்



அஸர் தொழுகைக்குப் பின் மக்தப் கூடும் வேளையில் நம் மத்ரஸாவின் சுற்றுச்சுவரை ஒட்டிச் சாத்தி வைக்கப்படும் சைக்கிள்களில் பாதிக்கு மேல் ‘ஷாக்’ வைத்தவை. பருத்த டயர்கள், தடித்த முன் ஃபோர்க், அதன் இரு கால்களிலும் கறுப்பு ரப்பர் உறை. மலையில் ஓட்டுவதற்கென உருவான வண்டி இது. தூத்துக்குடிக் கரையோரத்து நம் ஊரிலோ மலை கிடையாது. தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகள் உண்டு. அங்கே எந்தச் சைக்கிளும் ஓடாது, தோளில் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டும். எனினும் பிள்ளைகள் கேட்பது இதைத்தான், கடைகளில் முன்வரிசையில் நிற்பதும் இதுதான்.

நாம் மார்க்கக் கல்வி பயிற்றுவிப்பவரேயன்றி சைக்கிள் மெக்கானிக் அல்லோம். ஆயினும் நம் வாப்பா பல்லாண்டுகள் வாடகை சைக்கிள் கடை நடத்தியவர்கள். மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்குப் போய் வந்த அந்தக் காலத்தில், பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணி வைப்பது சிறுவயதில் நம் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. பெற்றோர் சிலர் பிள்ளையின் ஓதலைப் பற்றி விசாரிக்க வரும்போதே சைக்கிளையும் காட்டிவிட்டுப் போவதுண்டு.

அப்படி வந்ததுதான் பதினான்கு வயது மாணவன் ஒருவனுடைய சைக்கிள். அவனுடைய வாப்பா ரியாதில் வேலை பார்க்கிறார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து உம்மா வாங்கிக் கொடுத்த பழைய வண்டி அது. பக்கத்து ஊரில் ஒருவரிடம், பெயர் வேண்டாம், புதுப் பெயின்ட் பளபளக்க, புது ரப்பர் உறை போட்டு விற்பனைக்கு நின்றிருந்தது. மழைக்காலம் முடிந்து இரண்டு வாரத்தில் முன்பக்கம் ‘டொக், டொக்’ என்று தட்டத் தொடங்கிவிட்டது. பையன் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவன் தன் எட்டு வயதுத் தங்கையை முன்கம்பியில் உட்கார வைத்து நாள்தோறும் பள்ளிக்கு அழைத்துச் செல்பவன். அந்தப் பெண்குழந்தைதான் வீட்டில் போய், “உம்மா, காக்கா பிரேக் பிடிச்சா சைக்கிள் மடங்குற மாதிரி இருக்கு” என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் பையனுடைய மாமா வண்டியை உருட்டிக்கொண்டு மத்ரஸாவுக்கு வந்தார்.

குழந்தை சொன்னது மிகச் சரியான நோய்க்குறி. அதை விளங்கிக்கொள்ள, ஷாக் என்று நாம் சுருக்கிச் சொல்லும் முன் சஸ்பென்ஷன் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரிலிருந்து சட்டத்தின் கழுத்து வழியே இறங்கும் தண்டு ஃபோர்க்கின் தோளில் முடிகிறது. தோளிலிருந்து குரோமிய முலாம் பூசிய இரண்டு மேற்குழாய்கள் இறங்குகின்றன. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்குழாய்கள் இரண்டும் அவற்றின்மேல் உறைபோல் ஏறி இறங்குகின்றன. இரண்டுக்கும் இடையே, உலோகம் உலோகத்தோடு உரசாதபடி புஷ் இருக்கும். தூசியும் நீரும் நுழையாதபடி வாயில் ரப்பர் சீல் இருக்கும். உள்ளே சுருள்வில். விலை உயர்ந்த ஃபோர்க்குகளில் வில்லுக்குப் பதில் அழுத்தப்பட்ட காற்று இருக்கும், அமுங்கியது திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த எண்ணெயும் இருக்கும். நம் பிள்ளைகளின் வண்டிகளில் பெரும்பாலும் எண்ணெய்க் கட்டுப்பாடு கிடையாது. வில் அமுங்கும், அமுங்கிய வேகத்திலேயே உதைக்கும். அவ்வளவே.

இதில் முதலில் தேய்வது புஷ். அது தேய்ந்துவிட்டால் கீழ்க்குழாய்கள் மேற்குழாய்களின்மேல் முன்னும் பின்னும் ஆடும். முன்பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நிற்கிறது, வண்டியின் பாரமும் பிள்ளையின் பாரமும் முன்னோக்கித் தள்ளுகின்றன. அப்போது அந்த ஆட்டம் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது. முன்கம்பியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது மடங்குவது போலத்தான் தோன்றும்.

இதனை வீட்டிலேயே கண்டறியலாம். முன்பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். மற்றொருவர் விரல்களை மேற்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. விரலைக் கழுத்துக்கும் ஃபோர்க்கின் தோளுக்கும் இடையே வைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் கோளாறு ஷாக்கில் இல்லை. கழுத்திலுள்ள கப்பும் கோனும் தளர்ந்திருக்கின்றன. அதை இறுக்கினால் போதும், அல்லது பால்ரஸ் மாற்றினால் போதும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் நல்ல ஷாக்கைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. அவ்வாறே, ஆடும் ஷாக்கை வைத்துக்கொண்டு கழுத்தை இறுக்கி இறுக்கி ஹேண்டில்பாரே திரும்பாதபடி செய்தவர்களும் உண்டு.

மாமா பிரேக்கைப் பிடித்தார். நம் விரல் மேற்குழாயின் அடியில் இருந்தது. ஆட்டம் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அதன்பின் புது ரப்பர் உறையை விரலால் மேலே தள்ளிப் பார்த்தோம். குரோமியம் உரிந்து, துருப்பிடித்துக் குழி குழியாக இருந்தது மேற்குழாய். நகத்தால் தடவினால் நகம் சிக்கியது. உறைக்கு வெளியே தெரிந்த பகுதி மட்டும் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் செய்தியை ஆண்டுதோறும் மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அன்று அந்தப் பிள்ளையின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தோம். அவனுக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நாம் எதுவும் சொல்லவில்லை.

இனி உப்புக் காற்றைப் பற்றி. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கரையோர ஊர்களில் வாழ்வோர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து தாழ்ப்பாள் வரை எல்லாம் துருப்பிடிக்கும். இரும்பின்மேல் பூசிய குரோமியம் மிக மெல்லிய படலம். அதில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு ஈரம் அதன்வழி இரும்பைத் தொடும். படலத்துக்கு அடியிலேயே துரு பரவி மேற்பூச்சைத் தூக்கிவிடும். சொரசொரப்பான அந்தக் குழாய் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சீலையும் புஷ்ஷையும் அரம்போல் தேய்க்கிறது. சீல் கிழிந்த பின் மழைநீர் தாராளமாக உள்ளே இறங்கும். ஆகவே புதுச் சைக்கிள் வாங்கும்போது ஷாக்கின் அழகைப் பார்ப்பதைவிட, வாங்கியபின் வாரம் ஒருமுறை அந்தக் குழாய்களை உலர்ந்த துணியால் துடைக்கப் பிள்ளையைப் பழக்குவது நூறு மடங்கு பயன்தரும். துருநீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டால் பராமரிப்பு முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது உள்ளிருக்கும் க்ரீஸையும் கரைத்துவிடும் என்பதை அறிந்தோர் குறைவு.

மறுநாள் லுஹருக்குப் பின் வண்டியை எடுத்துக்கொண்டு பஜாரிலுள்ள அண்ணாச்சியின் கடைக்குச் சென்றோம். மாமாவும் பையனும் உடன் வந்தனர். அண்ணாச்சி, வாப்பாவின் கடையில் சிறுவயதில் தொழில் கற்றவர். சக்கரத்தைக் கழற்றி, கீழ்க்குழாய்களின் அடியிலுள்ள போல்ட்டுகளை எல் கீயால் திருகினார். ஒன்று வந்தது. மற்றொன்று, தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. உள்ளே முழுவதும் துரு. குழாயைக் கவிழ்த்ததும் கால் டம்ளர் அளவுக்குச் செந்நிறத் தண்ணீர் ஊற்றியது.

“இது ஷாக்கு இல்ல ஹஜ்ரத், உண்டியல்” என்றார் அண்ணாச்சி. “மழைக்கு ஒரு காசு போட்டு வச்சிருக்கு.”

பையன் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. அந்த போல்ட்டுகள்தாம் கீழ்க்குழாய்களை மேற்குழாய்களோடு பிணைத்து வைத்திருப்பவை. இரண்டும் அற்றுப்போனால், வேகத்தடையில் ஏறி முன்சக்கரம் சற்று எழும்பும் ஒரு கணத்தில் சக்கரத்தோடு கீழ்ப்பகுதி முழுவதும் கழன்று வந்துவிட ஏதுவுண்டு. ஒன்று ஏற்கெனவே அற்றிருந்தது. முன்கம்பியில் ஒரு குழந்தை உட்கார்ந்து சென்றுகொண்டிருந்தாள்.

பழுதுபார்க்க முடியுமா என்று முதலில் ஆராய்ந்தோம்; ஏனெனில் ஒரு பொருளை வீணாக்க நம் மனம் எளிதில் ஒப்புவதில்லை, உம்மாவும் அதையே கேட்டனுப்பியிருந்தார்கள். அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். லேத் பட்டறையில் நைலான் கட்டியிலிருந்து புஷ் கடைந்து போடலாம், செலவும் அதிகமில்லை. நல்ல கைத்திறன் உள்ளவர்கள் அதைச் செய்வார்கள். ஆனால் புது புஷ் உரசப் போவது எதன்மேல்? குழி விழுந்த அதே குழாயின்மேல். சில வாரங்களில் அதுவும் தேய்ந்துவிடும். குழாயை மாற்றலாமென்றால், இத்தகைய மலிவு ஃபோர்க்குகளில் மேற்குழாய் தோளோடு சேர்ந்தே வருகிறது, தனியே கிடைப்பதில்லை. மேற்குழாய் நன்றாயிருந்து உள்ளே மட்டும் கெட்டிருந்தால் பழுதுபார்க்கலாம். மேற்குழாயே குழிவிழுந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அண்ணாச்சியும் இதை ஒப்புக்கொண்டார். யோசனை சொல்லிப் பார்த்ததே நாம் கேட்டதற்காகத்தான் என்றார்.

இதே நேரத்தில் கடையில் நின்ற மற்றொரு சைக்கிளையும் குறிப்பிட வேண்டும். அதன் ஷாக்கும் வேலை செய்யவில்லை, அழுத்தினால் அசையவேயில்லை. ஆனால் ஆட்டம் இல்லை, குழாய் மழமழவென்றிருந்தது. அண்ணாச்சி அடி போல்ட்டுகளைச் சில சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி, பிறகு முழுவதும் கழற்றிக் கீழ்ப்பகுதியை உருவினார். உள்ளே பழைய க்ரீஸ் மெழுகுபோல் இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் உலோகக் குழாயைத் துடைத்து, சீலையும் புஷ்ஷையும் வெறும் துணியால் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத க்ரீஸை விரலால் உள்ளே பூசி மீண்டும் பூட்டினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஹேண்டில்பாரை அழுத்தினால் ஷாக் அமுங்கி எழுந்தது. அந்தப் பிள்ளையின் வீட்டார் புது ஷாக் வாங்கவே பணம் கொடுத்து அனுப்பியிருந்தார்களாம். ராக்‌ஷாக்ஸ் போன்ற நிறுவனங்கள், தங்கள் ஃபோர்க்குகளின் கீழ்க்குழாய்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கின்றன. நாளுக்கு அரைமணி நேரம் ஓட்டும் பிள்ளைக்கு அது 100 நாள். மலிவு ஃபோர்க்குக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை என்றாலே பெரிய காரியம்.

நம் மாணவனின் வண்டிக்கு வருவோம். மாற்றுவதென்று முடிவான பின் எதை மாற்றுவது என்ற கேள்வி எழுந்தது. மற்றொரு மலிவு ஷாக்கா, ஷாக் இல்லாத சாதாரண இரும்பு ஃபோர்க்கா? நாம் சாதாரண ஃபோர்க்கைச் சொன்னோம். பையனின் முகம் வாடிவிட்டது.

“உஸ்தாத், அப்ப இது மவுன்டன் பைக்கே இல்லையே?”

அவனுக்கு ஒரு வரலாற்றைச் சொன்னோம். மலைச் சைக்கிள் விளையாட்டு வேரூன்றியது 1970களில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், தமால்பைஸ் மலையின் மண்பாதைகளில். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மலைச் சைக்கிளைப் பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கியது. அதில் ஷாக் கிடையாது. பால் டர்னர் என்பவர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க் 1989இல்தான் வந்தது. அடுத்த ஆண்டு டுராங்கோ நகரில் நடந்த உலகப் போட்டியின் மலையிறக்கப் பந்தயத்தில் கிரெக் ஹெர்போல்டு அந்த ஷாக்கோடு வென்ற பின்னரே உலகம் அதைத் தேடத் தொடங்கியது. அதுவரை மலையிலிருந்து பாய்ந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் வெறும் ஃபோர்க்கில்தான் இறங்கினார்கள். பையன் கூர்ந்து கேட்டான். ஆயினும் அவனுக்கு முழு ஆறுதல் ஏற்பட்டதாகச் சொல்ல முடியாது. கூட்டாளிகள் என்ன சொல்வார்கள் என்பதே அவன் கவலை. பதினான்கு வயதில் அது சிறிய கவலை அன்று.

ஷாக் வேண்டவே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. கரடுமுரடான பாதையில் நல்ல ஷாக் கையை வலியிலிருந்து காக்கும். சக்கரம் தரையை விடாமல் பற்றிச் செல்ல உதவும். நீலகிரியிலோ ஏற்காட்டிலோ ஓட்டும் பிள்ளைக்கு அதற்காகச் செலவிடுவது தகும். நாம் சொல்வது, ஷாக் என்ற பெயரில் வரும் எடைமிகுந்த வில்லைப் பற்றியே. சிமென்ட் சாலையிலும் தார்ச்சாலையிலும் ஓட்டுபவனுக்குப் பருத்த டயரின் காற்றே போதுமான மெத்தை.

ஃபோர்க் வாங்கும்போது கண் மதிப்பில் வாங்கக் கூடாது. கழுத்துத் தண்டின் குறுக்களவு முதலில். பையனுடையது மரையில்லாத 28.6 மி.மீ. தண்டு, 25.4 மி.மீ. தண்டுள்ள பழைய வகைகளும் உண்டு, ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. தண்டின் நீளம் சட்டத்தின் கழுத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மிகுதியை அறுத்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய இயலாது. அடுத்து பிரேக். அவனுடையது ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக். ஃபோர்க்கில் அதற்கான முளைகள் வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியென்றால் இடப்பக்கக் காலில் அதற்கான பிடிப்பு இருக்க வேண்டும். இவற்றைவிட எளிதில் மறக்கப்படுவது உயரம். ஆக்ஸிலிலிருந்து தோள்வரை பழைய ஷாக் 430 மி.மீ. இருந்தது. அதைவிட மிகக் குட்டையான ஃபோர்க்கைப் போட்டால் முன்பக்கம் தாழும், பெடல் தரையை நெருங்கும், ஹேண்டில்பார் துடிப்பாகத் திரும்பும். உயரம் 20 மி.மீ. மாறினால் கழுத்தின் சாய்வு ஏறக்குறைய 1 டிகிரி மாறும். அண்ணாச்சி திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தது 410 மி.மீ. ஷாக் வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்தாலே வில் சற்று இறங்கிவிடும் என்பதால், ஓட்டும்போது வேறுபாடு அதைவிடவும் குறைவு.

பூட்டும்போது அண்ணாச்சி ஒரு செய்தி சொன்னார். கடைக்கு வரும் மலைச் சைக்கிள்களில் அவ்வப்போது ஒன்றில் ஃபோர்க் பின்முன்னாகவே மாட்டியிருக்குமாம். டிஸ்க் பிரேக் வண்டியில் பிரேக்கின் பிடி ஃபோர்க் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது என்று பொருள். வி பிரேக்கிலும் அவ்வாறே, பிரேக்கின் கைகள் முன்னோக்கி இருக்க வேண்டும். வாசலில் நிற்கும் உங்கள் பிள்ளையின் சைக்கிளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செலவு, புதிய ஷாக்கின் விலையில் பாதிக்கும் குறைவாகவே வந்தது. அண்ணாச்சி கூலி வாங்க மறுத்தார். மாமா விடாமல் கொடுத்தார். வண்டியின் எடை ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. பையன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “லேசா இருக்கு உஸ்தாத்” என்றான். பாராட்டா குறையா என்று அவன் குரலில் தெரியவில்லை.

விற்றவரிடம் மாமா போய்க் கேட்டார். நானும் இப்படித்தான் வாங்கினேன், பெயின்ட் அடித்தது மட்டுமே என் வேலை என்றாராம் அவர். உறையைப் புதிதாக மாட்டியது யார் என்பதற்கு விடை கிடைக்கவில்லை. பணமும் திரும்பவில்லை. மாமா மீண்டும் போவதாக இருந்தார். உம்மா வேண்டாமென்று தடுத்துவிட்டார்களாம்.

பழைய ஷாக்குக்கு ஓர் ஆள் வந்தார். வண்டிகளைச் சரிபார்த்து மறுவிற்பனை செய்பவர். துடைத்துப் பெயின்ட் அடித்தால் ஒரு வண்டிக்கு ஆகும் என்று 300 ரூபாய் தருவதாகச் சொன்னார். மாமா தயங்கி நம்மைப் பார்த்தார். குறையைச் சொல்லி விற்றாலும், வாங்குபவர் அடுத்தவரிடம் சொல்லி விற்பார் என்பதற்கு யார் பொறுப்பு என்று நாம் கேட்டோம். நாம் முடிப்பதற்குள் அண்ணாச்சி ரம்பத்தை எடுத்து இரண்டு மேற்குழாய்களையும் குறுக்கே அறுத்துப் போட்டுவிட்டார். “இனிமே இத யாரும் எந்த வண்டியிலயும் மாட்ட முடியாது” என்றார். இரும்புக் கடையில் எடைக்குப் போட்டு வந்த பணத்தைப் பையனிடம் கொடுத்தோம். சைக்கிளுக்கு ஒரு மணி வாங்கிக்கொண்டான். இப்போதெல்லாம் முன்கம்பியில் உட்கார்ந்து அதை அடிப்பது தங்கையின் வேலை; அஸர் பாங்குக்குச் சற்றுமுன் தெருமுனையில் அது கேட்கும்.